தூண்டிற்காரர் பாம்பிலக்கணம்

பாயிரம்

பாம்புகளைப் பிரித்துவைத்தவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. சுச்ருதர் தரையில் ஊர்வனவற்றை ஐந்து கூறாக்கினார். படம் எடுப்பவை, மண்டலம் மண்டலமாகப் புள்ளி வைத்தவை, கோடு போட்டவை, விஷமில்லாதவை, கலப்பில் பிறந்தவை. ஆகமொத்தம் எண்பது என்று கணக்கையும் முடித்துவிட்டார். முதல் மூன்று கூறுகளுக்கும் நேரே நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன் என்று எழுதிப் பார்த்தால் அந்த மனிதர் வெறும் ஏட்டுப் புலவர் அல்லர் என்பது தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் படம் எழுதி 1796இல் பெரிய நூலாக வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் செதில்களை எண்ண ஆரம்பித்தார்கள். முதுகில் எத்தனை வரிசை, வயிற்றில் எத்தனை, உதட்டில் எத்தனை. பிழையே வராத முறை. பாம்பு அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

கண்மாய்க் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இவற்றில் எதுவும் கைகொடுப்பதில்லை. அவன் கண்ணில் படுவது கட்டைவிரல் அளவுத் தலை, அதன் பின்னால் தண்ணீரில் ஒரு நெளிவு. யோசிக்கக் கிடைப்பது அரை நிமிஷம். அதற்குள் அவன் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுந்து ஓடுவதா, கெண்டை கடிக்கிற நேரமாயிற்றே என்று உட்கார்ந்திருப்பதா? இக்குறையை நீக்கவே இந்நூல் எழுந்தது. இதற்கு முதல்நூல் கிடையாது. கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்வதும் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொல்வதும் ஒத்துப்போகிற இடங்களை எடுத்துக் கோத்தது. ஒத்துப்போகாத இடங்களில் டாக்டர் பக்கமே நிற்பது இந்நூலாசிரியர் வழக்கம்.

நூலின் எல்லை, தமிழ்நாட்டுச் சமவெளியின் ஏரி, குளம், கண்மாய், ஊருணி, வாய்க்கால், ஆற்று மடு. மலையோடைகள் வேறு அதிகாரம். அங்கே பாறை இடுக்கிலும் கிளையிலும் குழிவிரியன்கள் உண்டு. கடல் இந்நூலுக்கு நேர் எதிர். வால் தட்டையான கடற்பாம்புகள் நல்லபாம்பின் உறவுக்காரர்கள்; விஷத்தில் குறைந்தவை அல்ல. கடலோர மீனவர் வலையில் ஏறிய பாம்பை உதறுகிற எச்சரிக்கையைப் பார்த்துக் கண்மாய்க்காரர் சிரிக்கலாகாது.

நூற்பா வருமாறு:

நீரிற் கண்டது நெஞ்சைக் கடிக்கும்;
கரையிற் காணாதது காலைக் கடிக்கும்.

இதன் பொருள்: தண்ணீரில் கண்ணெதிரே நீந்தி வருகிற பாம்பு பெரும்பாலும் நம் தைரியத்தை மட்டுமே கடிக்கிறது, உயிருக்கு உலை வைப்பது, கரையில் புல்லோடு புல்லாகக் கிடந்து நாம் பார்க்காமல் மிதித்தது என்றவாறு. ‘பெரும்பாலும்’ என்னும் சொல் நூற்பாவில் இல்லையே எனின், அஃது உரையிற் கோடல் என்க. நல்லபாம்பும் நீந்தும், விரியனும் நீந்தும். நீந்தத் தெரியாத பாம்பென்று நம் ஊரில் ஒன்றில்லை. ஆனால் அவை அக்கரைக்குப் போகத் தண்ணீரில் இறங்குபவை. அங்கே குடியிருப்பவை அல்ல.

எதை வைத்து வகுப்பது?

நிறத்தை வைத்து வகுத்தால் தண்ணிப்பாம்பு ஒன்றே பச்சை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று நாலு பாம்பாகிவிடும். நீளத்தை வைத்து வகுக்கலாம் என்றால் அது சாட்சிக்குச் சாட்சி மாறும். ஒரே சாட்சியே டீக்கடைக்கு வருவதற்குள் ஒரு முழம் கூட்டிவிடுவார். தலை முக்கோணமா என்று பார்க்கச் சொல்லும் மரபும் உண்டு. கோபம் வந்தால் தண்ணிப்பாம்பு தலையைப் பரப்பி முக்கோணமாக்கிக் காட்டும். நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமே இல்லை. இந்த விதியை நம்பினால் சாதுவை அடித்துக் கொன்று எமனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே இந்நூல் கொள்ளும் அளவை ஒன்றே: பாம்பு எதைத் தின்ன வந்தது? அது உன்னைப் பார்க்க வரவில்லை. மீனுக்கு வந்திருக்கும், தவளைக்கு வந்திருக்கும், எலிக்கு வந்திருக்கும். ஒன்று இன்னொரு பாம்புக்கே வந்திருக்கும். மீன் தண்ணீரில், தவளை விளிம்பில், எலி கரைமேட்டில். இரை இருக்கும் இடத்தில் பாம்பு. இந்த வரிசையில் தண்ணீரிலிருந்து மேலே ஏற ஏற விஷமும் ஏறிக்கொண்டே போவதைப் படிப்பவர் கவனிக்க.

சிரட்டைக்குள் இருப்பது

தூண்டிற்காரன் அன்றைக்குச் சந்திக்கும் முதல் பாம்பு கண்மாயில் இல்லை. அவன் வீட்டுக் கொல்லையில், சாணிக்குழி ஓரத்து ஈர மண்ணில் இருக்கிறது. மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி மண்புழு பொறுக்கிச் சிரட்டையில் போடும்போது ஒன்று மட்டும் மற்றவை மாதிரி சுருங்கி நீளாமல் விறுவிறுவென்று விளிம்பேறும். உடம்பில் வளையம் இருக்காது. மண் ஒட்டாத பளபளப்பு. கூர்ந்து பார்த்தால் ஒரு முனையிலிருந்து நூலிழை நாக்கு வெளியே வந்து போகும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்புள்ளி. இது புழுப்பாம்பு.

எறும்பு முட்டையும் கறையான் குஞ்சும் இதற்குச் சாப்பாடு. இந்த இனத்தில் ஆண் கிடையாது. அத்தனையும் பெண், துணையில்லாமலே முட்டையிட்டுப் பெருகும். ஒன்றே ஒன்று போதும், குடித்தனம் தொடங்கிவிடும். அதனால்தான் பூந்தொட்டி மண்ணுக்குள் ஒளிந்து கப்பலேறி உலகத்தின் சூட்டு நாடுகள் பாதியில் இன்றைக்கு இருக்கிறது. கையில் எடுத்தால் வால்நுனியில் உள்ள சின்ன முள்ளால் குத்திப் பார்க்கும், தோல்கூடக் கிழியாது.

இதை முள்ளில் கோக்கலாமா என்பது இளைஞர் எழுப்பும் ஐயம். மீன் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். ஆனால் கொல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருத்தி பேரனிடம் சொன்ன தீர்ப்பு வேறு: “விட்ரு ராசா. அது கண்ணு தெரியாத சீவன். அதக் குத்தி அயிரையா பிடிக்கப்போற?” அப்பத்தாமார் வாக்கு இந்நூலுக்குப் பிரமாணம்.

மீனுக்கு வந்தது

இவ்வியலின் தலைவன் தண்ணிப்பாம்பு. கண்மாயில் யாராவது “பாம்பு, பாம்பு” என்று கத்தினால் அநேகமாக இதுதான். ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் 1799இல் இதற்கு முறைப்படி பேர் வைத்து ஹைட்ரஸ் என்னும் பேரினத்தில் குடிவைத்தார். பின்னால் வந்தவர்கள் டிராபிடோனோட்டஸுக்கு மாற்றினார்கள். அப்புறம் நேட்ரிக்ஸ், அப்புறம் ஸெனோக்ரோஃபிஸ், இப்போது ஃபௌலியா. இருநூறு வருஷத்தில் இத்தனை வீடு மாற்றியும் பாம்புக்கு இது தெரியாது. அது மடைவாயிலேயே இருக்கிறது.

அடையாளம்: கண்ணிலிருந்து சாய்வாகக் கீழே இறங்கும் இரண்டு கறுப்புக் கோடு. ஒன்று கண்ணுக்கு நேர் கீழே, மற்றது கண்ணுக்குப் பின்னால் வாய்க்கோடியை நோக்கி. உடம்பில் கட்டம் கட்டமாகக் கறுப்பு. செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய மேடு உண்டு; அதனால் உடம்பு சொரசொரப்பு. இதைக் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டியதில்லை, நூலாசிரியர் சொல்வதை நம்பலாம்.

குணம்: சிடுமூஞ்சி. விஷம் இல்லாத குறையை ஆத்திரத்தால் ஈடுகட்டுகிற பிறவி. முட்டிவிட்டால் முன்னுடம்பைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கும்; தள்ளி நிற்கிறவன் கண்ணுக்கு அது படம். “நல்லபாம்புடா” என்று கம்பெடுக்க ஓடுவான். இந்த நடிப்பினாலேயே அடிபட்டுச் செத்த தண்ணிப்பாம்புகளுக்குக் கணக்கில்லை. பிடித்தால் கடிக்கும், கடித்ததை விடாமல் கொஞ்சம் மெல்லவும் செய்யும். பின்புறம் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். அந்த வாடை சட்டையில் ஏறினால் பஸ்ஸில் நம் பக்கத்தில் ஆள் உட்காராது. கடிவாயில் பிறைபோல் வரிசையாகப் பொடிப்பல் பட்ட இடங்கள் தெரியும். ரத்தம் தாராளமாகவே வரும். சோப்புப் போட்டுக் கழுவி ஒரு டிடி ஊசி போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் பிடித்த மீனைப் போட்டுவைக்க, வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பைதான் வசதி. வாயைக் கட்டி, குச்சியில் மாட்டி, பாதி முங்கும்படி விட்டால் ஜிலேபி சாயங்காலம்வரை உயிரோடு கிடக்கும். அந்த வாடைக்குத் தண்ணிப்பாம்பு வரும். ஒருநாள் பையைத் தூக்கும்போது வெளியே ஒரு வால் ஆடியது. கிழிந்து பெரிதாகியிருந்த ஒரு கண்ணின் வழியே தலையை விட்ட இளசு ஒன்று, இரண்டு விரல் அகல ஜிலேபியைத் தலைப்பக்கமாக விழுங்கிவிட்டுப் பின்வாங்கப் பார்த்திருக்கிறது. வயிற்று வீக்கம் கண்ணுக்குள் மாட்டிக்கொண்டது. நீர்ப்பாய்ச்சி வேலை பார்க்கும் பெரியவர் மடையிலிருந்து இறங்கி வந்தார்.

“பிளேடு இருக்காப்பா? அந்த ஒரு கண்ண அறுத்து விடு.”

“கடிக்குமே ஐயா.”

“கடிக்கத்தான் செய்யும். ஒன்னைய வெங்காயப் பையில கட்டிவச்சா நீ கும்பிடவா செய்வ?”

அறுத்ததும் அது முதலில் செய்தது ஜிலேபியைக் கக்கியது. மிரண்ட பாம்பு வயிற்றைக் காலி செய்துகொண்டுதான் ஓடும். மீனின் தலைப்பக்கம் மட்டும் கோழை பூசி வெளுத்திருந்தது. வால்பக்கம் பிடித்தபோது இருந்தபடியே. தலையிலிருந்து விழுங்குவதற்குக் காரணம் உண்டு. ஜிலேபியின் முதுகு முள் பின்னோக்கிப் படிவது. வாலிலிருந்து விழுங்கினால் அத்தனை முள்ளும் தொண்டையில் நிமிரும். இந்தப் பாடத்தைக் குட்டிப் பாம்புக்கு யாரும் நடத்துவதில்லை. முட்டையை விட்டு வந்த நாளிலிருந்து அது தானாகவே இரை தேடிக்கொள்ள வேண்டும்.

மாசி, பங்குனிக்குப் பிறகு தண்ணீர் வற்றி, மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது இவ்வியல் முழுவதையும் ஒரே காலையில் படித்துவிடலாம். வெள்ளைத் துண்டு வீசியதும் ஊரே ஊத்தாவோடும் கச்சாவோடும் சேற்றில் இறங்கும். விரால் துள்ளுகிற இடத்தில் தண்ணிப்பாம்பும் துள்ளும். யாரும் மீன்பிடியை நிறுத்துவதில்லை. வாலைப் பிடித்துக் கரைக்கு வீசிவிட்டு அடுத்த ஊத்தாவைக் குத்துவார்கள். அப்படி வீசப்பட்ட பாம்பு கரையில் வேடிக்கை பார்த்த மாப்பிள்ளை மேல் விழுந்தால், அதனால் உண்டாகும் சம்பந்தி மனத்தாங்கல் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கிள்ளை, பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கம் ஆறு உப்பேறும் இடத்தில் இத்தலைவனுக்குப் பதிலாள் ஒருவன் உண்டு. நாய்முகத் தண்ணிப்பாம்பு என்று எழுதுவார்கள். சேற்றின்மேல் பக்கவாட்டில் நழுவி நழுவிப் போகும்; முட்டையிடாமல் குட்டி போடும். வாயின் பின்கோடியில் லேசான விஷப்பல் இருந்தாலும் மீனைத் தாண்டி மனிதனுக்கு அது பெரிய கெடுதல் செய்வதில்லை.

அச்சவியல்

தண்ணிப்பாம்பு கடித்தால் பகலில் விஷமில்லை, அமாவாசையில் உண்டு என்பார் ஒரு சாரார். தண்ணீருக்குள் கடித்தால் ஒன்றுமில்லை, சாணியை மிதித்துவிட்டுக் கடித்தால் ஏறும் என்பார் இன்னொரு சாரார். மலையாளத்தில் நீர்க்கோலி கடித்தாலும் ராத்திரிச் சாப்பாடு போச்சு என்று பழமொழியே உண்டு. மூன்று கொள்கைக்கும் ஆதாரம் ஒன்றே: கடிபட்டவன் அப்படி நடுங்கியிருக்கிறான். பாம்பு மாறவில்லை.

இதைச் சுச்ருதரும் அறிந்திருந்தார். கடிகளை வகுத்தபோது ஆழப் பதிந்த கடி, கீறல் கடி, விஷமில்லாத கடி என்று மூன்று சொல்லிவிட்டு, பயந்தவன் மேல் பாம்பின் உடம்பு பட்டாலே வீக்கம் காண்பதையும் தனி வகையாகச் சேர்க்கிறார்கள் என்று எழுதிவைத்தார். தூண்டிற்காரர் உலகில் மிகுதியாக நிகழ்வது அந்த நாலாவதுதான். நெஞ்சு படபடப்பு, வாய் உலர்வு, கை கால் மரத்துப்போவது, மயக்கம் எல்லாம் வரும், பல் பட்டிருக்காது. அதற்காக, கடித்தது எது என்று தெரியாதவன் “இது அச்சக்கடிதான்” என்று தானே தீர்ப்பெழுதி வீட்டில் படுத்துக்கொள்ளக் கூடாது. இந்நூலைப் படித்த தைரியத்தில் செய்யவே கூடாது. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரி. சந்தேகத்தை வகைப்படுத்த அங்கே ஆள் இருக்கிறார்கள்.

தவளைக்கு வந்தவை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதுகில் தலைமுதல் வால்வரை வெளிர்மஞ்சளாய் இரண்டு பட்டை ஓடும் மெல்லிய பாம்பு ஒன்று, மழைக்காலத்தில் வரப்பிலும் விளிம்புப் புல்லிலும் தென்படும். பரமசாது. ஆலிவ் நிற முதுகும் மஞ்சள் வயிறுமாய், கட்டமோ கோடோ இல்லாத இன்னொன்று ஆகாயத்தாமரைக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதுவும் சாது. சாதுக்களைப் பற்றி எழுத எப்போதும் விஷயம் குறைவுதான்.

ஆனால் இவ்வியலில் ஒரு வழு உண்டு. நல்லபாம்புக்குத் தவளையும் பிடிக்கும், எலியும் பிடிக்கும். ஆகையால் நடவு வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடைப்பட்ட விளிம்பில் அது இரண்டு இயலிலும் கால் வைக்கும். கால் இல்லாத ஒன்றை இப்படிச் சொல்லலாமா எனின், மரபுவழு அமைதி என்க.

நண்டு வளையில் கைவிடுவோருக்கும் இங்கேயே விதி கூறப்படும். தண்ணீர் நிற்கும் வளையில் கையை விட்டால் நண்டு கவ்வும், அல்லது தண்ணிப்பாம்பு கவ்வும். இரண்டுக்கும் மருந்து கெட்டவார்த்தை. நீர்மட்டத்துக்கு மேலே, காய்ந்த வாயோடு இருக்கும் வளை நண்டு விட்டுப்போன வீடு. அங்கே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று கையால் விசாரிக்கலாகாது.

எலிக்கு வந்தவை

இது தண்ணீருக்கு வெளியே நடக்கும் இயல். தூண்டில் நூல்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கண்மாய்க் கரை என்பது மனிதன் எலிக்குக் கட்டிக்கொடுத்த மாளிகை. ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் தோண்டத் தோதான மண்மேடு. மேலே சீமைக்கருவேலம், சரிவில் காட்டாமணக்கு, மடையோரம் கோரை. எலி வந்த இடத்துக்குச் சாரை வரும். ஆளைவிட நீளமாக வளரும், விஷமில்லை, பகலில் திரியும், கண்டதும் ஓடும். இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து எழுந்து நிற்பதைப் பார்த்து “சாரையும் நாகமும் சேருது” என்று துண்டை விரித்துக் கும்பிடுவோர் உண்டு. அநேகமாக இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். எல்லைச் சண்டை. கும்பிடுவதில் தவறில்லை, யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரிந்து கும்பிடலாம்.

நல்லபாம்பு நியாயஸ்தன். படம் எடுத்து, சீறி, முடிந்தவரை எச்சரித்துவிட்டுத்தான் அடுத்ததைச் செய்யும். கண்ணாடி விரியன் அப்படியன்று. பழுப்பு உடம்பில் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசை முட்டைவடிவக் கரும்புள்ளி. காய்ந்த கருவேலஞ்சருகில் அது கிடக்கும்போது சருகுதான் தெரியும், பாம்பு தெரியாது. சீற்றம் பத்தடி தள்ளிக் கேட்கும் என்பது உண்மை. ஆனால் மிதித்த பிறகு சீறினால் என்ன, சீறாவிட்டால் என்ன. ஓடி ஒளிகிற சுபாவமும் இல்லை. கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஒரு ஈற்றில் இருபது, முப்பது என்று குட்டி போடும். குட்டிக்கும் பிறந்தபோதே விஷம் உண்டு.

பகல் முழுவதும் தண்ணீரையே வெறித்து, ஒவ்வொரு நெளிவுக்கும் காலை மடக்கி உட்கார்ந்திருந்த நம் தூண்டிற்காரன், இருட்டுகிற நேரத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு எழுகிறான். விரியன் எலி தேடக் கிளம்புகிற நேரமும் அதுதான். ஒரு கையில் மூங்கில் கழி, ஒரு கையில் மீன்பை. செல்போன் டார்ச்சை வாயில் கவ்வியிருக்கிறான். அதன் வெளிச்சம் எதிரே உள்ள பனைமரத்தில் விழுகிறது. காலில் ரப்பர் செருப்பு. பைக் நிறுத்திய இடத்துக்குச் சீக்கிரம் போகலாமென்று நடந்து தேய்ந்த பாதையை விட்டுக் காட்டாமணக்குப் புதருக்குள் குறுக்கே இறங்குகிறான். ‘கரையிற் காணாதது’ என்ற சொல்லுக்கு உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு இவனே.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் செத்தார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு சொன்னது. அதில் பெரும்பகுதி கிராமத்து வயலும் வரப்பும் வீட்டு முற்றமும்தான். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இனி எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கணக்கில் ஏற வேண்டும். வகைப்படுத்தும் வேலையில் அரசாங்கமும் இறங்கியதில் இந்நூலாசிரியருக்கு மகிழ்ச்சி.

கடித்தால் செய்யத் தகாதவை: இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போவது, வேப்பிலைக்காரரிடம் ஒரு நடை போய்வருவது. செய்யத் தக்கவை: கடிபட்ட காலை அசைக்காமல் கம்போ ஸ்கேலோ வைத்துத் தளர்வாகக் கட்டு, மெட்டி, மோதிரம், கொலுசைக் கழற்று, 108க்குப் போன் அடி. விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் ஒரு எளிய முறை உண்டு. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் அசையாது. உறையாமல் வழிந்தால் மருந்தை ஏற்றுவார்கள். அந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்தது. எந்தப் பாம்பு என்று நோயாளி செதில் எண்ணிச் சொல்லத் தேவையில்லை. அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக்கொடுப்பவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறவர்கள். வகை தெரிந்தவர்கள் என்றால் அவர்கள்தான். அவர்கள் நூல் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

பாம்புக்கே வந்தது

கட்டுவிரியன். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையம், இரண்டிரண்டாக. எலியும் தின்னும், பல்லியும் தின்னும், மற்றப் பாம்புகளையும் தின்னும். பகலில் சோம்பேறி, ராத்திரியில் வேறு ஆள். கண்மாயைக் குத்தகை எடுத்தவர் மீன் திருட்டுக்குப் பயந்து கரையில் காவல் படுக்கும்போது இந்த இயல் திறக்கும். கடி வலிக்காது, வீங்காது, தூக்கத்தில் தெரியாமலே போகலாம். விடியற்காலை வயிற்று வலி என்று எழுந்து உட்கார்ந்தவனுக்கு இமை தானாகத் தொங்கும். அதற்குப் பிறகு மூச்சுத் தசைகள். தரையில் பாய் விரிக்காதே, கட்டில் போடு, கொசுவலையைக் கட்டி நாலு ஓரத்தையும் படுக்கைக்கு அடியில் செருகு. இவ்வியலில் நகைச்சுவைக்கு இடமில்லை என்க.

போலி

பாம்பே அல்லாதவை. இவற்றுள் தலையாயது விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பேர் வாங்கியது. கழி வளைய இழுத்துக் கரையில் போட்டதும் முழ நீளத்துக்கு நெளியும். பாதிப் பேர் கழியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மீதிப் பேர் குழம்புக்குப் புளி இருக்கிறதா என்று யோசிப்பார்கள். தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னத் துடுப்பு இருந்தால் விலாங்கு. பாம்புக்குத் துடுப்பு கிடையாது. நம் ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிற ஜாதி இது. முதுகில் வரிசையாக முள்ளும் நீண்ட மூக்கும் இருந்தால் ஆரல்; அதைப் பாம்பென்று விட்டவனை ஊர் மன்னிக்காது. இதற்கு மேலும் வேர், மோட்டார் பம்ப்செட்டின் ஓஸ் பைப், கோரைத் தண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் நரம்பு என்று போலிகள் பல. விரிக்கிற் பெருகும்.

புறனடை

மேற்கூறிய எதிலும் அடங்காத ஒரு நிலை உண்டு. தக்கை முங்கியது, இழுத்தாயிற்று. முள்ளில் கெண்டை, கெண்டையின் பின்பாதியைக் கவ்விக்கொண்டு தண்ணிப்பாம்பு. இரண்டும் ஒன்றாகக் காற்றில் வருகின்றன. கெண்டை யாருடையது?

முள்ளில் முதலில் ஏறியதால் தூண்டிற்காரனுடையது என்பது ஒரு கொள்கை. முள் ஏறாமலே அது பிடித்திருக்கும், நீதான் இடையில் புகுந்தாய் என்பது மற்றொன்று. இரண்டாவது கொள்கைக்கு வனவிலங்குச் சட்டத்தின் சாய்வும் உண்டு. 1972ஆம் வருஷச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றம், கெண்டையைக் கொல்வது குழம்பு. அநேகமாகக் கரைக்கு வந்ததும் பாம்பே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு விட்டுவிடும். விடாமல், முள்ளும் அதன் உதட்டில் குத்தியிருந்தால் இழுக்கக் கூடாது, காலால் மிதிக்கக் கூடாது. முள்ளை ஒட்டி எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் நரம்பைக் கத்தரித்துவிட்டு இரண்டடி பின்னால் போக வேண்டியது. முள் ரெண்டு ரூபாய். அந்த மடையில் இன்றைக்கு இனி எதுவும் கடிக்காது. கலுங்குப் பக்கம் போய் உட்காரலாம், தேய்ந்த பாதையிலேயே.